அடர்த்தியான முடி நடவு: மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கிள்ளானில் லாரி ஓட்டும், எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் மூன்று இடங்களில் தம் தலையைக் காட்டினார். வயது 29. நெற்றி இரண்டு பக்கமும் ஏறியிருந்தது, உச்சியிலும் முடி மெலிந்திருந்தது.

முதல் இடத்தில் "5,000 கிராஃப்ட் வைக்கலாம், இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்றார்கள். இரண்டாவது இடம் நேரில் வரவே சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் நான்கு படம் கேட்டு, அரை மணி நேரத்தில் விலையை அனுப்பிவிட்டது. மூன்றாவது இடத்தில் டாக்டரே உட்கார்ந்து, உருப்பெருக்கியை வைத்துப் பின்மண்டையைப் பார்த்தார். "முன்பக்கத்துக்கு 1,800 போதும் தம்பி. உச்சியை இப்போது தொட வேண்டாம். ஆறு மாதம் மருந்து போட்டுவிட்டு வாங்க, பிறகு பேசலாம்" என்றார்.

தம்பிக்கு மூன்றாமவர் மேல்தான் சந்தேகம் வந்தது. 5,000 தருகிறேன் என்பவர் இருக்கும்போது 1,800 போதும் என்பவரிடம் ஏன் போக வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு விடை தெரியாமல் பத்தாயிரம், இருபதாயிரம் ரிங்கிட் கொடுத்துவிட்டுப் பின்மண்டையையும் இழந்து நிற்பவர்கள் உண்டு. எடுத்த முடி எடுத்ததுதான். அந்த இடத்தில் மீண்டும் முளைக்காது.

கையிருப்பு எவ்வளவு?

நம் தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைப்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு முடிகள் சிறு கொத்தாக வளர்கின்றன. அந்தக் கொத்தை வேரோடு எடுத்து வேறு இடத்தில் வைப்பதுதான் நடவு. எடுத்த கொத்துக்குப் பெயர் கிராஃப்ட். முடி கொட்டாத தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 65 முதல் 85 கொத்துகள் இருக்கும். அதில் பாதி போன பிறகுதான் கண்ணுக்கு வழுக்கை தெரியத் தொடங்கும். ஆகவே பழைய அடர்த்தியை முழுதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. 35 முதல் 45 வைத்தாலே பலருக்கு நிறைவாகத் தெரியும். 50க்கு மேல் போனால் அதை அடர் நடவு என்கிறார்கள்.

வைக்கும் கொத்துகள் எல்லாம் பின்மண்டையிலிருந்தும் காதுக்கு மேலுள்ள பக்கங்களிலிருந்தும்தான் வர வேண்டும். ஆண்களுக்கு வழுக்கையை உண்டாக்கும் ஹார்மோன் அந்த இடத்து முடியை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. முன்னால் கொண்டுவந்து நட்டாலும் அதன் குணம் மாறாது. நியூயார்க்கில் நார்மன் ஒரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1950களில் இதைக் காட்டினார். இன்றைய சிகிச்சை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

பின்மண்டையில் வாழ்நாள் முழுவதற்கும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பொதுவாக 4,000 முதல் 6,000 கிராஃப்ட். அடர்த்தி நன்றாக உள்ள சிலருக்கு 8,000 வரை போகலாம்.

இனி பெருக்கிப் பாருங்கள். நெற்றியின் முன்பகுதி 45 சதுர சென்டிமீட்டர் என்றால், 40 வீதம் வைக்க 1,800 வேண்டும். 50 வீதம் என்றால் 2,250. இது முடிகிற காரியம். முன்னும் உச்சியும் சேர்ந்து வழுக்கையாகி 200 சதுர சென்டிமீட்டர் ஆகிவிட்டால், 50 வீதத்துக்கு 10,000 வேண்டும். யாருடைய பின்மண்டையிலும் அவ்வளவு இல்லை. 29 வயதில் முன்பக்கத்துக்கே 5,000ஐச் செலவழித்துவிட்டால், 40 வயதில் உச்சி போகும்போது வைக்க ஒன்றுமிருக்காது. முன்னால் அடர்ந்த முடி, பின்னால் தீவு மாதிரி வழுக்கை என்ற கோலத்தில் மிச்ச வாழ்நாளைக் கழிக்க வேண்டும். அந்த மூன்றாவது டாக்டர் தம்பியின் இன்றைய தலையோடு 45 வயதுத் தலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்.

உங்கள் தலையில் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்பதை வீட்டிலேயே ஓரளவு அளக்கலாம். சமையலறையில் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தலையில் ஒட்டினாற்போல் விரித்து, முடி இல்லாத இடத்தை மார்க்கரால் யாரையாவது வரையச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளைப் பிள்ளைகளின் கணக்குக் கட்டப் புத்தகத்தின்மேல் வைத்து, ஒரு சென்டிமீட்டர் கட்டங்களை எண்ணுங்கள். டாக்டர் சொல்லும் கிராஃப்ட் எண்ணிக்கையை அந்தக் கட்டங்களால் வகுத்தால், அவர் எந்த அடர்த்தியைச் சொல்கிறார் என்று தெரிந்துவிடும். "எத்தனை சதுர சென்டிமீட்டருக்கு, எத்தனை வீதம்?" என்று கேட்கும்போது பதில் சொல்லத் தடுமாறுகிற இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில விளம்பரங்கள் "3,000 முடி" என்று சொல்லும். ஒரு கிராஃப்டில் சராசரியாக இரண்டுக்குச் சற்று மேல் முடி இருப்பதால் 3,000 முடி என்பது 1,400 கிராஃப்ட் அளவுதான். விலையைக் கேட்கும்போது கிராஃப்டா, முடியா என்று தெளிவாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நெருக்கம் கூடினால் என்ன ஆகும்?

செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கன்றுகளுக்குள் இடைவெளி விடுவது நிலத்தை வீணாக்க அல்ல. தலைத்தோலிலும் அப்படித்தான். ஒவ்வொரு கிராஃப்டுக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு கீறல் போட வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டரில் 50, 60 கீறல் என்றால் தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடிபட வாய்ப்பு கூடுகிறது. ரத்தம் போதாவிட்டால் வைத்த கொத்து பிடிக்காது. மோசமான நிலையில் அந்த இடத்துத் தோலே கருகிப் புண்ணாகும். பக்கத்தில் ஏற்கெனவே இருந்த நல்ல முடியும் அதிர்ச்சியில் கொட்டலாம். புகைப்பவர்களுக்கும், இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். இந்நாட்டில் நம் சமூகத்தில் இனிப்பு நீர் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது தெரிந்ததுதான்.

ஆகவே அடர் நடவு கைப்பழக்கமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை. கீறல் எவ்வளவு சிறியது, எவ்வளவு ஆழம், முடி சாயும் திசைக்கு ஏற்ற கோணமா என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. எடுத்த கிராஃப்ட் உடலுக்கு வெளியே எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதும் முக்கியம். குளிர்ந்த திரவத்தில், ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். நேரம் கூடக் கூடப் பிழைப்பது குறையும். 4,000 கிராஃப்டை ஒரே நாளில் முடிப்பதாகச் சொன்னால், எத்தனை பேர் வேலை செய்வார்கள், முதலில் எடுத்தது எத்தனை மணி நேரம் காத்திருக்கும் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

நம்மவர்களுக்குச் சாதகமான ஒரு செய்தியும் உண்டு. கறுத்த முடிக்கும் மாநிறத் தோலுக்கும் நிற வேறுபாடு குறைவு. முடிக்கு நடுவே தோல் பளிச்சென்று தெரியாது. அலையலையான முடி படிந்து இடத்தை மறைக்கும். முடியின் தடிமனும் கணக்கில் வரும். 60 மைக்ரான் முடியைவிட 80 மைக்ரான் முடி ஏறக்குறைய 1.8 மடங்கு இடத்தை நிரப்பும். வெள்ளைத் தோல்காரருக்கு 50 தேவைப்படும் இடத்தில், தடித்த, சுருண்ட முடியுள்ள நம்மவருக்கு 35, 40 போதுமானதாக இருக்கலாம். வெளிநாட்டுக்காரர் படத்தைக் காட்டி "இவருக்கு 55 வைத்தோம், உங்களுக்கும் வைப்போம்" என்றால் அவசரப்பட வேண்டாம்.

பாதகமும் இரண்டு உண்டு. நன்றாகச் சுருண்ட முடியின் வேர் தோலுக்குள்ளும் வளைந்திருக்கும். எஃப்.யு.இ முறையில் சிறு குழல் கருவியால் ஒவ்வொரு கொத்தாகத் தோண்டும்போது வேர் பாதியில் அறுபடலாம். அறுபட்டால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. சுருள் முடிக்காரர்களிடம் எவ்வளவு அனுபவம் உண்டு, முதலில் சிறிதளவு எடுத்துச் சோதித்துப் பார்ப்பார்களா என்று கேட்க வேண்டும். அடுத்தது தழும்பு. காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு தடித்துப் புடைத்து வளர்ந்த அனுபவம் உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கத்தியைப் பிடிப்பவர் யார்?

இந்தத் துறையின் பெரிய குறை இதுதான். பலகையில் டாக்டர் பெயர் இருக்கும், படத்தில் அவர் சிரிப்பார், ஆனால் உங்கள் தலையில் வேலை செய்வது வேறு யாரோ. அனைத்துலக முடி மறுசீரமைப்பு அறுவைச் சிகிச்சைக் கழகம் 1993 முதல் இயங்கும் மருத்துவர் அமைப்பு. சட்டவிரோத முடி நடவுக்கு எதிராக அது தனி இயக்கமே நடத்துகிறது. நோயைக் கண்டறிவது, திட்டமிடுவது, முன்வரிசையை வரைவது, பின்மண்டையிலிருந்து எடுப்பது, கீறல் போடுவது எல்லாம் உரிமம் பெற்ற மருத்துவரின் வேலை என்பது அதன் நிலைப்பாடு. போட்ட கீறலில் கிராஃப்டை வைப்பதற்குப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் கைகொடுப்பது உலகெங்கும் வழக்கம். ஆகவே "டாக்டர் இருப்பாரா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எடுப்பது யார்? கீறல் போடுவது யார்? அன்றைக்கு டாக்டர் இன்னும் எத்தனை பேருக்குச் செய்கிறார்?" என்று கேளுங்கள். ஒரே நாளில் நான்கு பேருக்குச் செய்கிறவர் உங்கள் தலையில் எவ்வளவு நேரம் இருந்துவிட முடியும்?

மலேசியாவில் சரிபார்க்க வேண்டியவை கடினமில்லை. மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்று, அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பெயரை மன்றத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். கைப்பேசியில் இரண்டு நிமிட வேலை. பிளாஸ்டிக் சர்ஜன், தோல் நிபுணர் என்று சொல்லிக்கொண்டால் தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அழகுச் சிகிச்சை செய்யும் பொது மருத்துவர்களுக்குச் சுகாதார அமைச்சு எல்.சி.பி என்ற தகுதிக் கடிதம் தருகிறது. அதைக் காட்டச் சொல்லி, முடி நடவு அதில் அடங்குகிறதா என்று கேளுங்கள். கிளினிக்கும் 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தும் தனிநபருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அழகு நிலையத்தின் மாடி அறையில், ஓட்டல் அறையில், "வெளிநாட்டு நிபுணர் இந்த வாரம் மட்டும் வருகிறார்" என்ற இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள். மருத்துவச் சேவை விளம்பரத்தில் கே.கே.எல்.ஐ.யு என்று தொடங்கும் அனுமதி எண் இருக்க வேண்டும் என்பதையும் பலர் அறிவதில்லை.

இவையெல்லாம் இருந்தால் அவர் திறமைசாலி என்று பொருளாகிவிடாது. பதிவு என்பது வாசற்படி. நல்ல பிளாஸ்டிக் சர்ஜனுக்கும் முடி நடவில் பழக்கம் இல்லாமல் இருக்கலாம். எங்கே, யாரிடம் கற்றார், எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார், அடர் நடவு எத்தனை பேருக்குச் செய்தார் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

படங்களை நம்பலாமா?

பார்க்கலாம், ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும். முன்னும் பின்னும் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் எடுத்திருக்கிறார்களா? முடியை நனைத்து அல்லது சீப்பால் வகிடு எடுத்துக் காட்டும் படம் உண்டா? உலர்ந்த முடியை ஊதி நிமிர்த்திவிட்டால் பாதி அடர்த்திகூட முழுதாகத் தெரியும். மறைப்புத் தூள் தூவிய படங்களும் உண்டு. குறைந்தது ஓராண்டு கழித்து எடுத்த படமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, பின்மண்டைப் படத்தைக் கேளுங்கள். அளவுக்கு மீறி எடுத்த பின்மண்டை செல்லரித்த ஓலை போலத் தெரியும். அதைக் காட்டத் தயங்குகிறவரிடம் கவனம் தேவை. முடிந்தால் அவரிடம் செய்துகொண்ட ஒருவரை நேரில் பாருங்கள். உங்களைப் போன்ற முடியும் வழுக்கையும் உள்ளவராக இருந்தால் இன்னும் நல்லது.

சென்னைக்கும் இஸ்தான்புல்லுக்கும் போகிறவர்கள்

டிக்கெட், ஓட்டல், சிகிச்சை எல்லாம் சேர்த்தும் இங்குள்ள விலையைவிடக் குறைவு என்று சொல்லி அழைக்கிறார்கள். இரு ஊர்களிலும் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன கேள்விகளை அங்கே கேட்பது இன்னும் அவசியம். 2016இல் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவர் முடி நடவுக்குப் பிறகு உயிரிழந்தார். மயக்க மருந்து நிபுணர் பாதியிலேயே போய்விட்டதாக அப்போது செய்தி வந்தது. இந்தியத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட அறிவுறுத்தலில், பயிலரங்குக்குப் போவதும் யூடியூப் பார்ப்பதும் இந்த அறுவைக்குப் பயிற்சி ஆகாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு நிலைமை இருந்திருக்கிறது.

இங்கேயானாலும் அங்கேயானாலும், ஆறு முதல் எட்டு மணி நேரம் மரப்பு ஊசி போட்டுச் செய்யும் அறுவை இது. ரத்தக் கொதிப்பு, இதய நோய், ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை, நாட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள். தூக்க மருந்தும் கொடுப்பார்களா, கண்காணிப்பவர் யார், மூச்சுத் திணறினால் என்ன கருவி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். வெளிநாட்டில் செய்துகொண்டால், பத்தாம் நாள் சீழ் பிடித்தால் இங்கே யாரிடம் காட்டுவது என்பதையும் முன்பே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

இல்லை என்று சொல்லும் மருத்துவர்

25 வயதுக்குட்பட்டவருக்கு வழுக்கை எதுவரை போகும் என்று இன்னும் தெரியாது. அவர் கேட்டவுடன் பதின்ம வயது நெற்றியை வரைந்து கொடுப்பவர் நல்ல மருத்துவர் இல்லை. மினாக்சிடில், ஃபினாஸ்டரைட் போன்ற மருந்துகளைப் பற்றிப் பேசாமல் நேரே கத்தியை எடுப்பவரும் அப்படியே. நட்ட முடி நிற்கும், நடாத முடி கொட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பது மருந்துதான். ஃபினாஸ்டரைட் சிலருக்குப் பாலுணர்வைக் குறைக்கும் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். அதைச் சாப்பிடுகிறவர் கோவில் ரத்த தான முகாமில் அதைச் சொல்லியாக வேண்டும்.

புழுவெட்டு, டெங்கிக்கோ பிரசவத்துக்கோ பிறகு கொட்டும் முடி, தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றுக்கு நடவு தீர்வல்ல. பெண்கள் முதலில் தோல் மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பல ஆண்டுகள் இறுக்கிப் பின்னியதால் நெற்றியோரம் போன முடிக்கு நடவு உதவலாம், ஆனால் இறுக்கிப் பின்னுவதை முதலில் விட வேண்டும்.

"எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம்", "தழும்பே இருக்காது", "வாழ்நாள் உத்தரவாதம்", "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்ற நான்கில் ஒன்றைக் கேட்டாலும் எழுந்து வந்துவிடலாம். பின்னால் பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவையை உள்ளடக்கவில்லை. மருத்துவர்மேல் புகார் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்துக்கும், கிளினிக்மேல் என்றால் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் எழுதலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். ஒப்புதல் படிவத்தின் நகல், எத்தனை கிராஃப்ட், எத்தனை ஒற்றை, எத்தனை இரட்டை என்ற கணக்கு, ரசீது ஆகியவற்றை அன்றைக்கே வாங்கி வையுங்கள்.

தைப்பூசத்துக்கு மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால், திட்டமிடும்போதே சொல்லிவிடுங்கள். தோலை நீளப் பட்டையாக வெட்டி எடுக்கும் பழைய முறையில் பின்மண்டையில் ஒரு கோடு நிற்கும், மொட்டையில் அது தெரியும். எஃப்.யு.இ முறையில் கோடு இருக்காது, ஆனால் சிறு வெண்புள்ளிகள் இருக்கும். மறுபடி எப்போது சவரக் கத்தி படலாம் என்பதை டாக்டரிடம் கேட்டு, அதற்கேற்ற மாதத்தில் நாள் குறியுங்கள். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் தலைக்கவசம் எப்போது போடலாம் என்று கேளுங்கள். முதல் பத்துப் பதினைந்து நாள் இறுக்கமான எதுவும் ஆகாது. வெயிலில் நின்று வேர்க்க வேலை செய்கிறவர்கள் அதற்குத் தகுந்தபடி விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் நட்ட முடி கொட்டும். பயந்து போய் இன்னொரு கிளினிக்குக்கு ஓட வேண்டாம், வேர் உள்ளேதான் இருக்கிறது. மூன்று, நான்கு மாதத்தில் மெல்லிய முடி எட்டிப் பார்க்கும். முன்பக்கம் நிறைய ஓராண்டு ஆகும், உச்சி இன்னும் சில மாதம் கூட எடுக்கும். கிள்ளான் தம்பி மருந்தை ஆறு மாதம் போட்டுவிட்டு அந்த மூன்றாவது டாக்டரிடமே போனார். சொன்னபடி 1,800 வைத்தார்கள். இப்போது ஏழாவது மாதம். மாதம் ஒருமுறை குளியலறை விளக்கின்கீழ், அதே இடத்தில் நின்று படம் எடுத்து வைக்கிறார்.